இரண்டாவது முடிச்சு

என் பெயர் சண்முகக்கனி. கோவில்பட்டியில் கல்யாணப் படம் எடுக்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. "கனியக்கா எடுத்தா ஆளு ஆளாவே இருக்கும்" என்று ஊரில் பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். சிரிங்க, தாடையைத் தூக்குங்க, தோளில் கை போடுங்க என்று யாரையும் படுத்த மாட்டேன். பாயசம் கிளறி வேர்த்து நிற்கும் சமையல்காரர், பந்தியில் இடம் கிடைக்காமல் முறைக்கிற சித்தப்பா, மணமேடைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்துகிற பெண்ணின் அப்பா, இவர்கள்தான் என் படங்கள். நடந்ததை நடந்தபடி எடுக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அந்தக் கொள்கையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கையே விழப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, ஒரு காலத்தில் எந்தப் படத்தையும் நம்ப முடியாது என்று ஆகிப்போயிருந்தது. போகாத ஊருக்குப் போன மாதிரி, நடக்காத கல்யாணம் நடந்த மாதிரி, செத்துப்போன தாத்தா எழுந்து உட்கார்ந்து பேத்திக்கு விபூதி பூசுகிற மாதிரி எல்லாம் படம் வந்தது. வாயால் சொன்னால் போதும், இயந்திரம் செய்து கொடுத்துவிடும். கோர்ட்டில் போட்டோவை நீட்டினால் நீதிபதி கொட்டாவி விடுவாராம். எங்களை மாதிரி ஆட்களுக்கு வேலையே போய்விடும் என்று இருந்த சமயத்தில்தான், எந்த இயந்திரத்தாலும் போலியாகச் செய்ய முடியாத படம் எடுக்கிற நாடிக் கேமரா வந்தது.

மதுரையில் ஒரு மண்டபத்தில் எங்களை எல்லாம் கூட்டி, சென்னையிலிருந்து வந்த ஒரு பொண்ணு சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. சிரிப்பு பொய்யா நிஜமா என்று இது கண்டுபிடித்துவிடுமா என்று கேட்டேன்.

"சிரிப்பைப் பார்க்காதுக்கா, நாடியைத்தான் பார்க்கும். முகத்துத் தோலுக்கு அடியில ரத்தம் ஓடுதுல்ல, அது வெளிச்சத்துல லேசா தெரியும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். ஒரு காரியத்துல முழுசா இருக்கும்போது அது ஒரு மாதிரி ஓடும். பாவனை பண்ணும்போது வேற மாதிரி ஓடும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். சொல்லிவிட்டுத் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுகிறார், எதிரே ஒரு ஆள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். சாதாரணப் படம். பிறகு ஒரு பித்தானைத் தட்டி, நாடிப் பார்வை என்றாள். சிரித்த ஆளின் முகம் சிமெண்டுச் சுவர் மாதிரி சாம்பல் நிறமாகப் போய்விட்டது. டீ ஆற்றியவர் முகமோ உள்ளே இருந்து சிவந்து ஒளிர்ந்தது. டார்ச் லைட்டை உள்ளங்கையில் பொத்தினால் விரலெல்லாம் செக்கச் செவேல் என்று தெரியுமே, அப்படி. ஒரு மனுஷன் டீ ஆற்றுவதில் இத்தனை உயிர் இருக்கிறதா என்று நான் வாயைப் பொளந்து நின்றேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடவுளை நேரில் கண்டவள் மாதிரி இருந்தேன் என்று என் அம்மா சொல்வாள்.

அந்தப் பைத்தியத்தில்தான் என் கல்யாணத்துக்கே நாடிக் கேமரா வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாப்பிள்ளை அய்யாத்துரை. கடலைமிட்டாய் போடுகிற குடும்பம். பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம். பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காபி டம்ளரைத் தரையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று திருதிருவென்று முழித்தார். அது போதும் எனக்கு.

அப்போது சட்டம் ஒன்றும் கிடையாது. எடுத்தவுடன் யார் வேண்டுமானாலும் நாடிப் பார்வையில் பார்க்கலாம். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே மண்டபத்துப் பெரிய திரையில் தாலி கட்டுகிற படத்தைப் போட்டார்கள். என் முகம் தகதகவென்று இருந்தது. அவர் முகம் சாம்பல். கழுத்து வரை சாம்பல். சாப்பிட்டுக்கொண்டிருந்த முந்நூறு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ ஒரு பொம்பளை "அடப்பாவமே" என்றாள். அந்த ஒரு சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது.

ஏழு மாசம் அவரோடு இருந்தேன். ஒரு நாள் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போதும், இதுவும் பாவனைதானே என்று தோன்றும். அவர் சிரித்தால் சிமெண்டுச் சுவர் தெரியும். கடைசியில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். என்னைப் பிடிக்காமல்தானே கட்டினீங்க என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த மௌனமே பதில் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. ஒரே ஊரில்தான் இருக்கிறோம். அவர் பட்டறை இருக்கிற தெருவுக்குள் நான் போவதில்லை.

என்னை மாதிரி எத்தனையோ பேர். மாமியார் சாவில் சாம்பலாக நின்ற மருமகளை அவள் புருஷனே வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அறுபதாம் கல்யாணத்தில் சாம்பலாகப் போன ஒரு பெரியவரோடு அவர் வீட்டம்மா அப்புறம் பேசவே இல்லை. 'சாம்பல் மூஞ்சி' என்பது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. வெட்டுக்குத்து வரைக்கும் போன பிறகுதான் சட்டம் வந்தது. நாடிப் பார்வை கேமராவுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். படம் எடுப்பவருக்குச் சாதாரணப் படம் மட்டும்தான். பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் அதற்கென்று இருக்கும் சாட்சிப் பட அலுவலகத்தில், வழக்கு, பாஸ்போர்ட் என்று காரணம் காட்ட வேண்டும். உள்ளே கண்டதை வெளியே பேசக் கூடாது. கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாடிக் கேமராதான், அதுவும் லைசென்ஸ் உள்ளவர்களிடம்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. வேடிக்கையைப் பாருங்கள், என் வாழ்க்கையைக் கெடுத்த கேமராவையே கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் கல்யாணம் எடுத்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றைக் கூடப் பார்த்ததில்லை.

இந்த வைகாசியில் இசக்கிமதியின் கல்யாணம் வந்தது. மதி எட்டயபுரத்துப் பெண், நர்ஸ். மாப்பிள்ளை ஆவுடையப்பன், வெல்டர். நிலாவில் சுரங்கம் போடுகிற கம்பெனியில் அவனுக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. அங்கே ஆளுக்குத் துணையாகக் கட்டின பெண்டாட்டியையோ புருஷனையோ கூட்டிக்கொண்டு போகலாம். அந்த ஒரு இடத்துக்காகப் பொய்க் கல்யாணம் பண்ணி ஏறுகிறவர்கள் பெருகிப்போனதால் விதி கடுமையாகிவிட்டது. தாலி கையில் இருக்கிற படம் வேண்டும். அதில் இரண்டு முகமும் ஒளிர வேண்டும். ஒன்று சாம்பல் என்றாலும் பெண் இங்கேதான். முகூர்த்தத்தன்று எடுத்த படம்தான் செல்லும். வேறொரு நாளில் திரும்பத் தாலி கட்டிப் படம் பிடித்தால் அது நாடகம் என்று தள்ளிவிடுவார்கள். மதி இதையெல்லாம் என்னிடம் முன்கூட்டியே சொல்லி, "அக்கா, உங்களை நம்பித்தான் இருக்கோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இருக்கும்போது என்ன கவலை என்று பெரிய இவள் மாதிரி சொன்னேன்.

முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு மேல். நான் மேடைக்கு நேர் எதிரே, அசையாமல் நின்றிருந்தேன். கெட்டிமேளம் முழங்கியது. அந்த நொடியில் பெண்ணின் தாய்மாமன் சொரிமுத்து, இரண்டு கை நிறைய அட்சதையோடு, பட்டுச்சட்டை போட்ட அந்த அகலமான முதுகைக் கொண்டுவந்து என் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார். நான் வலப்பக்கம் போனேன், அவரும் வந்தார். இடப்பக்கம் போனேன், அங்கே அவர் வீட்டம்மா. எப்படியோ முண்டியடித்து முன்னால் போய் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் பக்கம் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மூன்றாவதை நாத்தனார் போடுவார். மாப்பிள்ளையின் அக்கா பிரம்மசக்தி மூன்றாவதையும் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த நாட்டில் கல்யாணப் படம் எடுக்கிற எல்லோரும் காலங்காலமாகச் செய்வதைத்தான் செய்தேன். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் கூடக் கிடையாது, அவ்வளவு சாதாரணம்.

"மாப்ள, தாலியைத் திரும்பப் பிடிங்க. முடிச்சுப் போடுற மாதிரி கையைப் பின்னால கொண்டுபோங்க. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க. சொரிமுத்து மாமா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க."

அவன் அப்படியே பிடித்தான். நான் எடுத்தேன். முதல் படத்தில் வெளிச்சம் சரியில்லை என்று இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்து இன்னொன்று எடுத்தேன். நடந்ததை நடந்தபடி எடுக்கிறவள் நான்! இருபத்திரண்டு வருஷமாகத் தாலி கட்டுவதை மட்டும் இரண்டாம் தடவை கட்டச் சொல்லி எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மற்ற கல்யாணங்களில் பூட்டைத் திறக்க யாரும் போகாததால் ஒரு குறையும் இல்லை.

பந்தியில் உட்கார்ந்து சாம்பாரை ஊற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்துவிட்டேன். முடிச்சே போடாமல் முடிச்சுப் போடுகிற மாதிரி நின்ற ஒருவன் முகம் எந்த நிறத்தில் வரும் என்பதற்கு மதுரை மண்டபத்துப் பாடம் எதுவும் தேவையில்லை.

மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன. அலுவலகத்தில் படம் திறக்கும் நாளுக்கு முந்தின நாள், மனசு கேட்காமல் மதியைப் பார்க்கப் போனேன். வீடு முழுக்கச் சாமான். நிலாவுக்கு ஆளுக்கு எட்டுக் கிலோதான் அனுமதி என்று ஒரு தராசை வைத்து ஊறுகாயை நிறுத்துக்கொண்டிருந்தாள். ஆவுடை வெளியே போயிருந்தான். நான் விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம். ஆவுடைக்கு வேலை கிடைத்த பிறகுதான் பெண் தேடினார்கள். நர்ஸ் படிப்பு என்றதும் உடனே சரி என்றார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று தடவை பார்த்துப் பேசியதோடு சரி. நல்ல பையன்தான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான்.

"ஆபீஸ்ல சீல் போடுறாங்களோ இல்லையோ, அது எனக்கு ரெண்டாவதுக்கா. பன்னெண்டு வருஷம். கோவிச்சுட்டு அம்மா வீட்டுக்கு வர பஸ் கிடையாது. அவர் என்னைப் பார்த்துக் கட்டினாரா, இல்ல நிலாவுக்கு ஒரு நர்சு வேணும்னு கட்டினாரா? நாளைக்கு அந்தப் படத்துல அவர் முகம் சாம்பலா இருந்தா, நானே ஏற மாட்டேன்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொரிமுத்து முதுகிலிருந்து சாம்பார் வரை. அந்தப் படம் பாவனைப் படம், அவன் முகம் சாம்பலாக வந்தால் அது என் பாவம், அவன் குறை இல்லை, என்னை மாதிரி ஒரு படத்தை வைத்து ஒரு ஆளை எடை போட்டுவிடாதே என்று கெஞ்சினேன். என் கதையையும் சொன்னேன். ஊரில் யாரிடமும் நான் வாய்விட்டுச் சொல்லாதது அது. மதி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தராசில் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இதையே அன்னைக்கு உங்ககிட்ட யாராவது வந்து சொல்லியிருந்தா, நீங்க கேட்டிருப்பீங்களாக்கா?"

ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை திருநெல்வேலியில் அந்த அலுவலகம். படம் எடுத்தவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நானும் போனேன். அதிகாரி மீரான், காயல்பட்டினத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும். ஜன்னல் இல்லாத அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திரை. மதி ஒரு நாற்காலியில், ஆவுடை ஒரு நாற்காலியில், நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வரிசையில் தன் முறைக்குக் காத்திருக்கிறவன் மாதிரி அமைதியாக இருந்தான்.

மீரான் சார் முதலில் சாதாரணப் படத்தைப் போட்டார். மேளம் அடித்தது ஒன்பது நாற்பத்தொன்று, படம் எடுத்தது ஒன்பது நாற்பத்தைந்து என்று படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். சார், இது திரும்பப் பிடிக்கச் சொல்லி எடுத்தது, தப்பு என்னுடையது என்றேன். அவர் கையமர்த்தி உட்காரச் சொன்னார். பிறகு சாவியைப் போட்டுத் திறந்தார்.

பதினெட்டு வருஷம் கழித்து நான் பார்க்கிற முதல் நாடிப் பார்வை அது.

சொல்லிப் பார்க்கிறேன், வருகிற வரை வரட்டும். சுவர் முழுக்க மேடை. பின்னால் விளக்கோடு நிற்கிற பிரம்மசக்தி சாம்பல். ஓரத்தில் சொரிமுத்து சாம்பல், பார்வை பந்திப் பக்கம். புரோகிதர், தோழிப்பெண், எல்லாம் சாம்பல். நான்தான் பாவனை பண்ணச் சொன்னேனே, பண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். அத்தனை சாம்பலுக்கும் நடுவே இரண்டு முகங்கள். ஆவுடையின் முகம் நெற்றியிலிருந்து தொண்டைக் குழி வரைக்கும் உள்ளுக்குள் விளக்கு ஏற்றின மாதிரி ஒளிர்ந்தது. மதியின் காது மடல்கள் கூடச் சிவந்து தெரிந்தன. ரத்தம் அலை அலையாக மேலே ஏறிய தடம் தெரிந்தது. நான் எடுத்த படம்தான். என் கண்ணுக்கு நேரே நடந்ததுதான். வெளிச்சம் சரியில்லை என்று அலுத்துக்கொண்டு நின்றேனே, அப்போது என் முன்னால் இது நடந்துகொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். வெட்கம் எல்லாம் பார்க்கவில்லை.

மீரான் சார் படத்தைப் பெரிதாக்கினார். மதியின் பின்கழுத்தில், மாலைக்கு மேலே, ஒரு அட்சதை அரிசி ஒட்டியிருந்தது. ஆவுடையின் சுண்டுவிரல் அதைத் தள்ளிவிடப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன தம்பி இது?" என்று கேட்டார்.

ஆவுடை தலையைச் சொறிந்தான். அன்றைக்குத்தான் அவன் இத்தனை பேசி நான் கேட்டேன்.

"கட்டும்போது எனக்கு ஒண்ணுமே தெரியலை சார். மேளம் காதை அடைச்சுடுச்சு. அப்புறம் அக்கா கையை எடுக்காதீங்கன்னு சொன்னாங்களா, சும்மாதான் பிடிச்சுட்டு நின்னேன். போடுறதுக்கு முடிச்சும் இல்லை. அப்பதான் இவங்களைப் பார்த்தேன். கழுத்துல அரிசி ஒட்டியிருந்துச்சு. உறுத்துமேன்னு தோணிச்சு. இனிமே இவங்களுக்கு என்ன உறுத்தினாலும் நாமதான பார்க்கணும்னு நினைச்சேன்."

மதி நடுவில் இருந்த காலி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள். மீரான் சார் சீல் எடுத்து இரண்டு இடத்தில் குத்தினார். மேளம் அடித்ததற்கு முன்னும் பின்னும் கால் மணி நேரத்துக்குள் எடுத்த எந்தப் படமும் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறதாம். எதற்கு அப்படி ஒரு விதி என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் வெளியே போன பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

அவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கட்டுற நொடியில அனேகமா எல்லா மாப்பிள்ளையும் சாம்பல்தாம்மா. பதினோரு வருஷமா திறக்கேன். பத்துக்கு எட்டுப் பேரு சாம்பல். அவன் பார்வை முடிச்சு மேல இருக்கும், பொண்ணு மேல இருக்காது. அதுலயும் உங்க பக்கத்து ஆளுங்க, ரெண்டோட நிறுத்தணும், மூணாவதைப் போட்டுடக் கூடாதுன்னு எண்ணிக்கிட்டே நிப்பாங்க. அந்த நேரத்துல படம் கேட்டா நிலாவுக்கு ஒரு தம்பதியும் போக முடியாது. அதான் கால் மணி நேரம்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். அப்படியானால் அது பொய் இல்லையா என்று கேட்டேன்.

"இது பொய் கண்டுபிடிக்கிற மெஷின் இல்லம்மா. ஆளு அந்த இடத்துல இருக்கானா, நெனப்பு வேற எங்கயாவது இருக்கானு மட்டும்தான் சொல்லும். எங்க போச்சுன்னு சொல்லாது."

இதை ஏன் சார் யாருக்கும் சொல்லலை, ஊர் ஊராக் குடும்பம் பிரிஞ்சுதே என்றேன். உள்ளே கண்டதை வெளியே பேசக் கூடாது என்பது சட்டம், உங்களிடம் சொன்னதே தப்பு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஃபைலை எடுத்தார். முகம் தெரிந்தால்தான் சண்டை வருகிறது என்று பூட்டிவிட்டார்கள். பூட்டினதில் இதுவும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

எட்டு நாள் நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை கேமராவை மாட்டிக்கொண்டு, பதினெட்டு வருஷமாகப் போகாத தெருவுக்குள் போனேன். தெரு முழுக்க வெல்லப்பாகு வாசனை. பட்டறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மிட்டாயைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் பலகையில் பரப்பின கடலைப் பாகை உருட்டுக்கட்டையால் சமப்படுத்திக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உருட்டுக்கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க" என்றார். ஊர்க்காரரிடம் சொல்வது மாதிரி.

நான் சுற்றி வளைக்கவில்லை. பெண்கள் எல்லாம் காது கொடுப்பது தெரிந்தும் அங்கேயே கேட்டேன்.

"அன்னைக்குத் தாலி கட்டும்போது மனசுல என்ன நினைச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பாகு இறுகுகிறது என்று ஒரு பெண் சொன்னதை அவர் கேட்கவில்லை.

"ரெண்டு" என்றார். "ரெண்டோட நிறுத்தணும்னு. மூணாவதையும் நானே போட்டுட்டா அபசகுனம்னு எங்கக்கா காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருந்தா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். வேற ஒண்ணும் நினைக்கலை."

இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். பிடிக்காமல்தானே கட்டினீங்க என்று நான் கேட்டபோது வாய் திறந்து இதைச் சொல்லியிருந்தால் போதுமே என்று, விட்டுவிட்டு வந்தவள் நான்தான் என்பதையே மறந்து, அவரைக் கோபித்தேன்.

"எனக்கு எப்படித் தெரியும் கனி?" என்றார். இப்போது 'வாங்க' போய்விட்டது. "எனக்கு உன்னைப் பிடிக்கும்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன். முந்நூறு பேரு முன்னால மெஷின் இல்லைன்னு சொல்லிருச்சு. சரி, நமக்குத்தான் நம்ம மனசு தெரியலை போலன்னு நினைச்சேன். பிடிக்கறதுன்னா வேற எப்படியோ இருக்கும், அது நமக்கு வாய்க்கலைன்னு. அதான் அப்புறமும் ஒருத்தியைக் கட்டலை. இன்னொரு பிள்ளையை எதுக்குக் கெடுக்கணும்?"

பதினெட்டு வருஷமாக நான் ஏமாந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷன் தன் பிரியத்தையே பொய் என்று நம்பிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் மிட்டாய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரே சத்தம். குலசை ஏவுதளத்திலிருந்து நிலாக் கப்பல் கிளம்பிவிட்டது. பெண்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். நாங்களும் வாசலுக்கு வந்தோம். தெற்கே கரிசல் காட்டுக்கு மேலே வெள்ளைக் கோடு ஒன்று எழும்பி, வளைந்து, ஏறிக்கொண்டே போனது. கொஞ்சம் கழித்துத்தான் அடிவயிற்றில் அதன் அதிர்வு வந்தது. அதற்குள் எங்கேயோ மதியும் ஆவுடையும் எட்டுக் கிலோ சாமானோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலே பகல் நிலா, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி. அவ்வளவு தூரமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. தெருவே அண்ணாந்து பார்த்தது.

நான் பழக்கத்தில் கேமராவைத் தூக்கினேன். தெருவில் அண்ணாந்து நின்ற முகங்களை எடுத்தேன். திரும்பினால் அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. கையில் உருட்டுக்கட்டையோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாக அழுத்திவிட்டது.

"இப்ப என்ன நிறத்துல வரும்?" என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார். "வேணும்னா ஆபீசுல குடுத்துத் திறந்து பாரேன்."

வேண்டாம் என்றேன். உள்ளே போய்ப் பாகு இறுகுவதற்குள் தேய்க்கச் சொன்னேன். இறுகித்தான் போயிருந்தது; அடுப்பில் வைத்து இளக்க வேண்டியதாயிற்று. அந்தப் படம் இன்னும் கேமராவுக்குள் பூட்டியபடியே கிடக்கிறது. திறக்கச் சொல்லி யாரிடமும் நான் மனு போடவில்லை, போடப் போவதும் இல்லை. அவர் அந்த இடத்தில்தான் இருந்தார், நான் பார்த்தேன்.